எந்தத் தகரப் பெட்டியைக் காப்போம்?

சென்ற தவணையின் இறுதியில் ஒரு நாள், நம் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கொத்மலைப் பகுதியிலுள்ள பழைய தோட்ட பங்களா ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஒரு காலத்தில் வெள்ளைத்துரை குடியிருந்த அந்த மாளிகை இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாகிவிட்டது. மலைநாட்டுப் பழைய கட்டடங்களைப் பற்றி மாணவர்கள் ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. விடுதியாரும் மறுப்பின்றி அனுமதி தந்தனர். அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அங்கே கண்டதையும் கேட்டதையும் எழுதாமலிருக்க நம்மால் இயலவில்லை.

முன்மண்டபத்தில் ஆளுயரக் கண்ணாடிப் பேழை ஒன்று நின்றது. அதனுள்ளே, பச்சைத் துணியின்மேற் பதித்த சின்னஞ்சிறு தண்டவாளத்தில், தகரத்தாற் செய்த பொம்மைப் புகையிரதப் பெட்டிகள் ஒன்பது வரிசையாக நின்றன. இஞ்சின் இல்லை, சரக்குப் பெட்டி இல்லை, பயணிகள் பெட்டிகள் மாத்திரமே. சிவப்பும் பொன்னிறமுமாகத் தீட்டிய பக்கங்கள். திறந்து மூடக்கூடிய கதவுகள். சன்னல் வழியே உற்றுப் பார்த்தால் உள்ளே வரிசையான ஆசனங்கள். நூறாண்டு பழைமையானவை என்று எழுதி வைத்திருந்தார்கள். பார்த்த கண்ணை எடுக்க மனம் வராத அழகு. அதை மறைத்துப் பயனில்லை.

மாணவன் ஒருவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "சேர், எல்லாப் பொட்டியும் வெறும் பொட்டியா இருக்கே. இதுல ஏறிப் போன ஆளுக எங்க?"

அருகில் நின்ற விடுதிச் சிப்பந்தி, அவரும் நம் தோட்டத்துப் பிள்ளைதான், சிரித்துக்கொண்டே சொன்னார்: "கண்ணாடியத் தொடாத தம்பி. அதுல ஒரு பொட்டியோட வெல, ஒங்க அம்மா வருசம் பூரா முழுப்பேர் வாங்குனாலும் பத்தாது."

ஒருவன் ஆட்களைத் தேடினான். மற்றவர் விலையைச் சொன்னார். பழம்பொருள் பற்றிய இரண்டு தத்துவங்கள் அந்த முன்மண்டபத்தில் நேருக்கு நேர் நின்றதை நாம் கண்டோம். இவற்றில் எது நம்முடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். இப்பொம்மைகளைச் செய்தவர்கள் தேர்ந்த தொழிலாளர்கள். மெல்லிய உருக்குத் தகட்டுக்கு வெள்ளீயம் பூசினால் துருவை எதிர்க்கும் தகரம் கிடைக்கிறது. அத்தகரத்தின்மேற் கல்லச்சு முறையில் நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஓரத்துச் சிறு நாக்குகளைத் துளைகளிற் செருகி முறுக்கினால் ஒரு பெட்டி உருவாகும். ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தோன்றிய மார்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில், அளவு வகுத்து எண்ணிட்ட தண்டவாளங்களோடு பொம்மைப் புகையிரதத்தைக் கொண்டுவந்து வைத்தது. நூரெம்பர்க் நகரிற் பிங், காரெட் ஆகிய ஆலைகள் உலகெங்கும் அனுப்பின. இங்கிலாந்திற் பிராங்க் ஹோர்ன்பி 1920இல் சாவி கொடுத்தால் ஓடும் புகையிரதத்தை வெளியிட்டார். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1929இல் கலிபோர்னியா, கொலராடோ என்று மாநிலங்களின் பெயர் தாங்கிய பெரும் பெட்டிகளைச் செய்தது. அவற்றினுள்ளே மின்விளக்கும் எரிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. பொம்மையின் உள்ளே விளக்கு எரிந்த காலத்தில், அந்நாட்டுத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு அணைந்தது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பொம்மை உற்பத்தியாளர்களுள் ஒன்றாக இருந்த பிங் ஆலையும் 1930களின் தொடக்கத்தில் வீழ்ந்தது. பின்னர் வார்ப்பு உலோகமும் பிளாஸ்டிக்கும் வந்தன; தகரப் பெட்டிகளின் காலம் முடிந்தது.

இந்தக் கைத்திறனை இகழ்பவன் தொழிலாளி வர்க்கத்தின் நண்பனாக இருக்கமுடியாது. குழந்தையின் கைக்கு ஓர் உலகத்தைச் சிறிதாக்கிக் கொடுப்பது உயர்ந்த கலை. நம் சண்டை பொம்மையோடு இல்லை. பொம்மையை மதிப்பிடும் அளவுகோலோடு.

அந்த அளவுகோலைச் சற்றே ஆராய்வோம். பழைய தகரப் பெட்டிகளைச் சேகரிப்போரின் சந்தையில் ஒரு விதி உண்டு. வண்ணம் உரிந்திருந்தால் விலை குறையும். சக்கரம் வளைந்திருந்தால் விலை குறையும். பிற்காலத்தில் ஒருவர் அன்போடு மறுவண்ணம் பூசியிருந்தாலும் குறையும். தொழிற்சாலையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியோடு, யாரும் விளையாடாமல், புதுக்கருக்கு அழியாமல் இருந்தாலோ விலை வானத்தைத் தொடும். அதாவது, ஒரு குழந்தை அதைத் தரையில் ஓட்டி, மோதவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருந்தால் அது பழுதுபட்ட பொருள். எந்தக் குழந்தையின் கையும் படாமல் அலுமாரியிற் கிடந்திருந்தால் அது உத்தமமான பொருள். விளையாடப்படாத விளையாட்டுப் பொருளே தலைசிறந்த விளையாட்டுப் பொருள்! பயன்மதிப்பின் பிணத்தின்மேற் பரிவர்த்தனை மதிப்பு ஏறி அமர்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறெங்கே கிடைக்கும்?

இவ்விதி கண்ணாடிப் பேழைக்குள் அடங்கிக் கிடந்தால் நாம் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். சேகரிப்போர் தம் பணத்தைத் தம் விருப்பப்படி செலவிடட்டும் என்று விட்டிருப்போம். ஆனால் இன்று மலைநாடு முழுவதுமே ஒரு கண்ணாடிப் பேழையாகிக்கொண்டிருக்கிறது. நம் இருப்புப்பாதையை, நம் மலைகளை, நம் வரலாற்றை அதே அளவுகோலால் அளக்கிறார்கள். மனிதர் தடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு அழகு. உழைப்பின் கறை எவ்வளவு மறைவோ அவ்வளவு மதிப்பு. 1986இல் நீராவி இஞ்சினோடு உல்லாசப் பயணிகளுக்காக ஓடத் தொடங்கிய புகையிரதத்துக்கு 'வைசிராய் ஸ்பெஷல்' என்று பெயரிட்டார்கள். வைசிராய் இருந்தது இந்தியாவில். இலங்கையை ஆண்டவர்கள் தேசாதிபதிகள். இங்கே ஆளாத வைசிராய்க்கு ஒரு புகையிரதம் கிடைத்தது. அந்தப் பாதையிற் காலமெல்லாம் ஏறி இறங்கிய தொழிலாளியின் பெயரை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாதை எதற்காக வந்தது? இலங்கையின் முதற் புகையிரதம் 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, கடைசியாக 1924இற் பதுளை. இயற்கைக் காட்சியைக் கண்டு களிக்க எவரும் இப்பாதையை இடவில்லை. கோப்பி மூட்டையைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக இட்டார்கள். கோப்பி நோயில் மாண்டபின் தேயிலைப் பெட்டி அதே வழியில் இறங்கியது. கீழே தேயிலை இறங்க, மேலே அரிசியும் ஆட்களும் ஏறினர். அரிசி மூட்டையைப் போலவே ஆளும் கணக்கில் எழுதப்பட்ட சரக்கு.

இது நம் கற்பனை உவமையன்று. 1901 முதல் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்குத் தகரச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. சிறிய உலோக வில்லை ஒன்றிற் செல்லவேண்டிய தோட்டத்தின் பதிவெண்ணைப் பொறித்து அவனிடம் கொடுத்தார்கள். பெயர் வேண்டியதில்லை, ஊர் வேண்டியதில்லை. வில்லையைக் காட்டினால் வழியிற் சோறு கிடைக்கும். புகையிரதத்தில் இடம் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டது பின்னர்க் கடனாகத் தொழிலாளியின் தலையில் இறங்கும். 1914இற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டபின், மண்டப முகாமிலிருந்து மலையுச்சிவரை இந்தப் பயணம் சீராக நடந்தது. ஒரே காலம், ஒரே உலோகம்! நூரெம்பர்க்கில் ஒரு தொழிலாளி தகரத்தில் முதல் வகுப்புப் பெட்டியை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில், மதுரைச் சீமையிலும் திருச்சிச் சீமையிலும் இன்னொரு தொழிலாளியின் கழுத்தில் எண் பொறித்த வில்லை தொங்கியது. முதலாவது தகரத்துக்கு இன்று இலட்சக்கணக்கில் ஏலம் கேட்கிறார்கள். இரண்டாவது தகரத்தை உங்களில் எத்தனை பேர் கண்ணாற் கண்டிருக்கிறீர்கள்?

தகரம் என்ற சொல் நம் மக்களுக்கு அந்நியமானதன்று. கழுத்திலே தொங்கியது தகரம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் மேலே மழை பெய்தால் காதைப் பிளப்பது தகரம். கட்டிலுக்கு அடியில், பூட்டு உடைந்து, கயிற்றாற் கட்டிக் கிடக்கிறதே அந்தப் பெட்டி, அதுவும் தகரம். இந்த மூன்றாவது தகரத்தைப் பற்றித்தான் நாம் இன்று சற்று உரத்துப் பேச விரும்புகிறோம்.

அந்தத் தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1949இன் சட்டம், இந்நாட்டில் இத்தனை ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தாயா, பத்திரம் காட்டு என்றது. காட்டுமரம் வெட்டித் தோட்டம் ஆக்கியவன், தான் இங்கே வாழ்ந்ததைக் கடதாசியில் நிரூபிக்கவேண்டியவனானான். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பத்தில் அடங்கினர்; உரிமை பெற்றவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. பிறப்புச் சான்று, பாடசாலைப் பதிவு, தோட்டத்துச் சீட்டு, நிராகரிப்புக் கடிதம் என்று ஒவ்வொரு துண்டையும் அந்தத் தகரப் பெட்டியில் இட்டுப் பூட்டினார்கள். நகை வைக்க அந்தப் பெட்டி தேவைப்படவில்லை. தாம் மனிதர் என்பதற்கான சாட்சியத்தை வைக்கவே தேவைப்பட்டது.

பிறகு 1964 ஒக்டோபர் 30 வந்தது. சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக அறுத்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கில் தாய் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் விழுந்த குடும்பங்கள் உண்டு. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்த வண்டிகளுக்கு நம் மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஏறியவர்கள் அழுதார்கள், மேடையில் நின்றவர்கள் அழுதார்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு தகரப் பெட்டி. 1984இற் கப்பற்போக்குவரத்து நிற்கும்வரை அந்தப் பயணம் நடந்தது. அவர்களிற் பலர் இன்று நீலகிரியில் அதே தேயிலையைத்தான் பறிக்கிறார்கள்.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். பெட்டிகள் வெறுமையாக இருந்ததில்லை. வெறுமையாக்கிய பின்னரே அவை அழகுப்பொருள்களாகின்றன.

நம் வாதத்தைக் கேட்டு முகஞ்சுளிப்போர் சிலர் உண்டு. "அப்பாவித்தனமான ஒரு பொழுதுபோக்கிலும் வர்க்கத்தைத் தேடுகிறீர்களே" என்பது அவர்களின் முதற் குற்றச்சாட்டு. நாம் தேடிப்போகவில்லை. 'உன் தாயின் ஓராண்டுக் கூலி போதாது' என்று அந்தப் பொருளே நம் மாணவனிடம் பேசியது. பேசத் தொடங்கியது அது. பதில் சொல்வது நம் கடமை.

"பழையதைப் பாதுகாப்பது வரலாற்றுப் பணிதானே" என்பது இரண்டாவது. ஆம், உயர்ந்த பணி. 2014இற் புகையிரதச் சேவையின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவையொட்டிக் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள் என்று நாமே சொல்வோம். இஞ்சினைக் காப்பவர் வாழ்க. ஆனால் வாகனத்தைக் காப்பது பாதிப் பணி. அதில் யார் ஏறினார், எதற்காக ஏற்றப்பட்டார், எந்த நிலையத்தில் இறக்கிவிடப்பட்டார் என்பதைக் காப்பது மறு பாதி. முதற்பாதிக்குப் பணமும் புகழும் உண்டு. மறுபாதிக்கு உழைக்க ஆளில்லை.

மூன்றாவது எதிர்ப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. அதைத்தான் நாம் மிகவும் மதிக்கிறோம். "பழைய கண்ணீரைக் கிளறி என்ன கண்டீர்கள்? பிள்ளைகளைப் படிக்கவைத்து, லயத்தை விட்டு வெளியேற்றுங்கள், அது போதும்" என்கிறார்கள் பெற்றோர். வெளியேறட்டும், படித்து உயரட்டும், அதற்காகத்தான் வெண்கட்டி பிடிக்கிறோம். ஆனால் தன் பாட்டனின் பெயரை அறியாமல் வெளியேறுகிறவன், பிறர் எழுதிய வரலாற்றில் ஓர் எண்ணாகவே போய்ச்சேருவான். தகரச் சீட்டைக் கழற்றிய கழுத்தில் மறுபடியும் எண்ணை மாட்டிக்கொள்வதற்கா படிப்பு?

குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. தமிழாசிரியராகிய நாம் சங்ககாலத்துத் துறைமுகங்களின் பெயரை மாணவர் நாவில் ஏற்றினோம். தலைமன்னார்த் துறையில் அவர்தம் மூதாதையர் என்று இறங்கினர் என்று கேட்டதில்லை. பரணர் பாடிய மன்னர் பெயரைக் கேட்டு மதிப்பெண் இட்டோம்; பாட்டி பாடிய தாலாட்டை எழுதி வா என்று சொன்னதில்லை. பல்கலைக்கழகம் நமக்குக் கொடுத்த கண்ணாடிப் பேழை அது. அதையும் உடைத்தாகவேண்டும்.

சேகரிப்போரை நாம் வெறுக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். நாம் தலைவணங்கும் சேகரிப்பாளர் ஒருவர் இந்த மலையிலேயே வாழ்ந்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிற் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, லயம் லயமாகத் திரிந்து மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். வாய் படாத பாட்டை அவர் தேடவில்லை. எத்தனை வாயிற் புழங்கி, எத்தனை சொல் தேய்ந்து, எத்தனை அடி மாறியிருந்ததோ அத்தனைக்கு அதை விரும்பி எழுதிக்கொண்டார். சந்தையின் அளவுகோலைத் தலைகீழாக்கிய சேகரிப்பு அது. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. லயத்தையே கூடமாக்கி, தொழிலாளர் கையிற் புழங்கிய பொருள்களை அங்கே வைத்திருக்கிறார்கள். 2023இல், வந்து இருநூறாண்டானதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் மக்கள் கால்நடையாக நடந்தார்கள். புகையிரதம் வருமுன் முன்னோர் நடந்த வழி அது. வழியும் ஒரு சேகரிப்புத்தான்; அதைக் காலாற் சேகரிக்கவேண்டும்.

ஆனால் காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. லயத்தில் தீப்பற்றினால் முதலில் எரிவது கடதாசி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைச்சரிவுகள் இடிந்தபோது கொத்மலையும் பெருந்துயர் கண்டது. இருப்புப்பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. தண்டவாளத்தைத் திரும்ப இடலாம். மண்ணுக்கடியிற் போன தகரப் பெட்டியை யார் திரும்ப எழுதித் தருவார்? ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு நூலகத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. அதை நூலகம் என்று நாம் அழைக்காததால் அந்த இழப்பு எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

ஆசிரியத் தோழர்களே, மாணவத் தோழர்களே! நாம் வேண்டுவது பெரும் நிதியன்று. ஒவ்வொரு மாணவனும் தன் காம்பராவின் கட்டிலடியில் உள்ள பெட்டியைப் பெரியவர்களின் அனுமதியோடு திறக்கட்டும். உள்ளே உள்ள ஒவ்வொரு தாளையும் கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கட்டும். இரண்டு மூன்று இடங்களிற் பிரதி வைக்கட்டும். மூலத்தை வீட்டிலேயே விட்டுவிடட்டும். அது அந்த வீட்டின் சொத்து. தாளில் இல்லாததைப் பாட்டியிடம் கேட்டு, நாள், தோட்டம், கங்காணியின் பெயர், ஏறிய நிலையம், இறங்கிய நிலையம் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். அடுத்த தவணையில் வகுப்புக்கு ஒரு கொப்பி என்றாலும், ஒரு பாடசாலையில் எத்தனை சேரும் என்று கணக்குப் பாருங்கள்.

நம் மாணவன் முந்திக்கொண்டான். பங்களாவுக்குச் சென்றுவந்த மறு வாரம், பிளாஸ்டிக் உறையில் இட்ட ஒரு பழைய கடிதத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கூடலூரிலிருந்து பாட்டியின் தங்கை எழுதியது. மடிப்புக் கிழிந்து, மூலையில் எண்ணெய்க் கறை படிந்து, பலமுறை பிரித்துப் படித்ததில் மை மங்கியிருந்தது. சந்தையின் அளவுகோலில் அதற்கு ஒரு சதமும் தேறாது.

"இவங்க அந்தக் கோச்சியில போனவங்க, சேர்," என்றான். "பேரு பின்னால எழுதியிருக்கு."

ஒரு பெட்டியில் ஓர் ஆசனத்துக்கு ஆள் வந்து சேர்ந்துவிட்டார். மற்ற ஆசனங்களை நிரப்புவோம், வாருங்கள்.